நீலக்கறுப்பு போகாமல் துரு எடுப்பது: லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போருக்கு

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்கு, துப்பாக்கிக் குழலில் துருவைக் கண்டதும் புளி, எலுமிச்சை, வினிகர் என்றுதான் யோசனை ஓடும். அந்தக் கையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அமிலம் துருவை எடுக்கும், அதில் சந்தேகமே இல்லை. கூடவே குழலின் நீலக்கறுப்பையும் எடுத்துவிட்டு, வெள்ளி போல வெளுத்த ஒரு திட்டை விட்டுப்போகும். ஏனென்றால் அந்தக் கறுப்பும் ஒரு வகைத் துருதான்.

புளூயிங் என்று சொல்கிறோமே, அது மேலே பூசிய பெயின்ட் கிடையாது. எஃகின் மேல்தோலையே மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சிவப்புத் துருவும் இரும்பு ஆக்சைடுதான், தண்ணீர் சேர்ந்த வடிவம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அமிலத்துக்குத் தெரியாது. ஆகவே 'துரு கரைப்பான்' என்று எது விற்றாலும் புளூயிங் உள்ள பாகத்துக்கு அது எதிரிதான். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, கோலா, கழிப்பறை கழுவும் திரவம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 'அமிலமே இல்லை, கைக்குக்கூடப் பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்யப்படும் எவாப்போ-ரஸ்ட் போன்றவையும் இதே கணக்குத்தான். அவை இரும்பு ஆக்சைடைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருள்கள்; கறுப்பு ஆக்சைடையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். பிராசோ, ஆட்டோசோல் போன்ற உலோகப் பாலிஷ்கள், பற்பசை ஆகியவற்றின் கேடு வேறு வகை: அவற்றில் அரைக்கும் பொடி இருக்கிறது. இரண்டு மைக்ரான் தோலுக்கு அந்தப் பொடியே அரம்.

மிஞ்சுவது எண்ணெய், எஃகைவிட மென்மையான உலோகம், பொறுமை. பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு இதுவே போதும்.

கை வைக்கும் முன்

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. முழுத் துப்பாக்கி மட்டும் ஆயுதம் என்று நினைக்க வேண்டாம், கழற்றிய பாகத்தையும் சட்டம் ஆயுதமாகவே பார்க்கிறது. குழலைப் பையில் போட்டுத் தெரிந்த வெல்டிங் கடைக்கோ முலாம் பூசும் பட்டறைக்கோ கொண்டுபோவது, நண்பன் வீட்டில் ஊறவைக்க விட்டு வருவது, இதெல்லாம் வேண்டாத வம்பு. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரே, தன் இடத்தில், தானே துடைப்பது. கைமீறினால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை.

தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டில் இருக்கட்டும். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு சேம்பரையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். பழைய இரட்டைக் குழலில் இருட்டான சேம்பரைக் கண் மட்டும் நம்பக் கூடாது.

எவ்வளவு கழற்றுவது? முன்கட்டை, குழல், ஆக்‌ஷனோடு (குழலைப் பூட்டிச் சுடவைக்கும் பொறி) கூடிய பின்கட்டை என்று மூன்றாகப் பிரித்தால் போதும். பக்கத் தகடுகளின் திருகாணியைத் தொடாதீர்கள். பழைய திருகாணியின் பள்ளம் மிகக் குறுகல். கடையில் கிடைக்கும் ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு போல விரிந்திருப்பதால் பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, வழுக்கி, சிதைத்துவிடும். துருவைக்கூட எடுத்துவிடலாம், சிதைந்த திருகாணித் தலையை எதுவும் செய்ய முடியாது.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழலுக்குள் இருக்கும் கரியில் ஈயம் உண்டு, அது ஒரு காரணம். நம் ஊர் வியர்வை இன்னொரு காரணம். சாப்பாட்டு மேசை வேண்டாம். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எடுக்கும்போது சாமி விளக்கும் அடுப்பும் எரியாத இடமாக, காற்றோட்டமாக இருக்கட்டும்.

உங்கள் பாகத்தில் இருப்பது என்ன பூச்சு?

ஒரே துப்பாக்கியில் மூன்று வகைப் பூச்சு இருப்பது சகஜம். குழலுக்குச் சரியான வைத்தியம் ஆக்‌ஷனைக் கெடுக்கும். ஒரு காந்தமும் ஒரு துளி எண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

காந்தம் ஒட்டுகிறது, நிறம் பளபளக்கும் நீலக்கறுப்பு அல்லது பட்டுப்போல மங்கிய கறுப்பு என்றால் புளூயிங். பளபளப்பானது பெரும்பாலும் சூடான உப்புக் கரைசலில் முக்கி எடுத்தது. மங்கலானது பழைய முறையில் மெதுவாகத் துருப்பிடிக்க வைத்து வேகவைத்தது. துடைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

சாம்பலோ பச்சை கலந்த சாம்பலோ, தொட்டால் சொரசொரப்பு, ஒரு துளி எண்ணெய் வைத்தால் உறிஞ்சிக்கொள்கிறது என்றால் அது பாஸ்பேட் பூச்சு. இதற்கு இரும்புப் பஞ்சு கூடாது, அந்தச் சொரசொரப்பை நசுக்கிப் பளபளப்பாக்கிவிடும். நைலான் பிரஷும் எண்ணெயும் போதும். பூச்சே எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும் வகை.

தண்ணீர் மேல் எண்ணெய் பரவியது போல நீலம், பழுப்பு, வைக்கோல் நிறம் எல்லாம் கலந்து ஓடினால் அது வண்ணக் கடினமாக்கல். பழைய இரட்டைக் குழல்களின் ஆக்‌ஷன் உடலில் பார்க்கலாம். இருப்பதிலேயே மென்மையான நிறம் இதுதான். பஞ்சு, பிரஷ், அமிலம், சோடா எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் எண்ணெய், காய்ந்தபின் மெழுகு, அவ்வளவே. துருப்புள்ளி இருந்தாலும் எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் எவ்வளவு வருகிறதோ அவ்வளவோடு விட்டுவிடுங்கள்.

சற்றே மஞ்சளோடிய வெள்ளி நிறம் நிக்கல். அதன் அடியில் பெரும்பாலும் செம்புப் படலம் இருக்கும். குழல் துடைக்கும் செம்பு நீக்கிகளில் உள்ள அம்மோனியா பூச்சு வெடித்த இடத்தில் உள்ளே புகுந்து செம்பைத் தின்றுவிடும், நிக்கல் தோலாக உரியும். மண்ணெண்ணெய், எண்ணெய், துணி இவற்றைத் தாண்டாதீர்கள்.

காந்தம் ஒட்டாத கறுப்பு அநேகமாக அலுமினியம். துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடி கண்டால் சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ். அடுப்புக் கறை நீக்கி, காஸ்டிக் சோடா கலந்த எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி ஆகியவை அலுமினியத்தின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சை நிமிடங்களில் வெளுக்கவைக்கும்.

குழல் முழுக்க ஒரே சீரான பழுப்பாகவோ, அதில் கோலம் போட்டது போலச் சுருள் வரிகளாகவோ இருந்தால் கை வைக்காதீர்கள். அந்தப் பழுப்பே அதன் பூச்சு. அதைத் துரு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது கைவினைஞர் வேலை.

துருவா, வயதான நிறமா என்று குழப்பமாக இருந்தால் ஒரு சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு துளி எண்ணெய் விட்டு, சந்தேகப்படும் இடத்தில் பத்துத் தரம் தடவுங்கள். துணியில் செங்கல் நிறப்பொடி வந்தால் உயிருள்ள துரு, எடுக்கத்தான் வேண்டும். துணி சும்மா அழுக்காகிறது, செம்மையில்லை என்றால் அது அடங்கிப்போன பழுப்பு. எண்ணெய் போட்டு விட்டுவிடலாம்.

முதலில் பிசுக்கு, பிறகு உப்பு, அதன்பின் துரு

இந்த வரிசை முக்கியம். பிசுக்கின் மேல் பஞ்சு போட்டால் அதில் சிக்கியிருக்கும் மணல் பூச்சைக் கீறும்.

நம் வீடுகளில் பழைய துப்பாக்கியில் படிந்திருக்கும் பிசுக்கு பல சமயம் சமையலறை எண்ணெய்தான். யாரோ ஒரு தாத்தா நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போட்டுத் துடைத்திருப்பார். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு மெல்ல உலர்ந்து பிசின் ஆகும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டுக் காறலெடுக்கும், அதில் உண்டாகும் கொழுப்பு அமிலம் எஃகையும் பித்தளையையும் கடிக்கும். குழல் நுனியில் குறிபார்க்க வைத்த பித்தளை மணியைச் சுற்றிப் பச்சை மெழுகு போல இருந்தால் காரணம் அதுவே. தாவர எண்ணெய் எதுவும் துப்பாக்கிக்கு ஆகாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள். அது கனிம எண்ணெய், பிசினாகாது.

பிசுக்குக்கு மண்ணெண்ணெய் அல்லது ஒயிட் ஸ்பிரிட். சின்ன எஃகுப் பாகங்களை ஒரு மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறப்போடுங்கள். குழலை முக்க வேண்டாம், துணியை நனைத்துச் சுற்றி அரை மணி விட்டால் இளகிவிடும். பிறகு பழைய பல் பிரஷ். மரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளியே வேலை செய்யுங்கள். அசிட்டோனும் தின்னரும் பிரேக் கிளீனரும் கட்டையின் வார்னிஷைக் கரைக்கும், பிளாஸ்டிக்கைச் சுருக்கும்.

இனி பலரும் தாண்டிப்போகும் படி. உப்பை எண்ணெய் கரைக்காது. வியர்வையில் இருப்பதும் உப்பு, பினாங்கில் பாயான் லெப்பாஸிலிருந்து தெலுக் பஹாங் வரை கடல்காற்று கொண்டுவந்து படிய வைப்பதும் உப்பு. அதன் மேல் எத்தனை நல்ல எண்ணெய் போட்டாலும், அடியில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து அங்கேயே வேலை பார்க்கும். குழலில் கைரேகை வடிவிலேயே துரு பூத்திருந்தால் அதுதான் சாட்சி. பிசுக்கு எடுத்தபின், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, உலோகத்தை இரண்டு தடவை துடையுங்கள். போத்தலில் இருப்பது பேட்டரி அமிலமா தண்ணீரா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். துடைத்த கையோடு ஹேர் டிரையரில் உலர்த்துங்கள், கை பொறுக்கும் சூடு போதும். பிறகு தாமதிக்காமல் எண்ணெய். எண்ணெய் நீங்கிய வெறும் எஃகை நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் புதுத் துரு பார்க்கலாம்.

துருவில் கை வைப்பது

தேவை: ஊடுருவும் எண்ணெய் (பாலிஸ்டால், குரோயில், அல்லது அந்த வகையில் ஏதாவது), நான்கு சைபர் எண்ணுள்ள (0000) இரும்புப் பஞ்சு, பழைய பனியன் துணி, ஒரு சாத்தே குச்சி, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பி. டபிள்யூ.டி-40 கையில் இருந்தால் இந்தக் கட்டத்துக்கு ஓடும். அதன் பெயரே தண்ணீரை விரட்டுவதைத்தான் குறிக்கிறது. காவல் எண்ணெயாக மட்டும் அதை நம்பாதீர்கள், மெலிதாகி ஓடிவிடும்.

இரும்புப் பஞ்சில் ஏமாறுவது எளிது. பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பி வேறு, இது வேறு. 0000 பஞ்சு தொட்டால் பூனை ரோமம் போல இருக்கும். மரச்சாமான் பாலிஷ் விற்கும் ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். 'இதுவும் அதே மாதிரிதான்' என்று 00 கொடுத்தால் வாங்காமல் திரும்புங்கள். உப்புத்தாளும் பச்சை நிறத் தேய்ப்பானும் எந்த எண்ணிலும் வேண்டாம். பச்சைத் தேய்ப்பானில் அரைக்கும் துகள் ஒட்டியிருக்கிறது.

எண்ணெயைத் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, லேசான துருவுக்கு இரண்டு மணி நேரம், தடித்ததற்கு ஒரு முழு நாள் விடுங்கள். எண்ணெய் துருவுக்கும் எஃகுக்கும் இடையில் இறங்கினால்தான் துரு பிடி விடும். இங்கே மிச்சம் பிடிக்கும் நேரத்தைப் பின்னால் பூச்சில் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சோதனையை முன்கட்டை மூடும் இடத்தில் செய்யுங்கள். கட்டையைப் போட்டால் மறைந்துவிடும். அங்கே இருபது தேய்ப்பில் நிறம் மாறவில்லை என்றால் வெளியே வரலாம்.

பஞ்சில் பாக்கு அளவு பிய்த்து எண்ணெயில் நனையுங்கள். ஒரு விரலால் மட்டும் அழுத்தம், மேசையில் கிடக்கும் தாள் நகராத அளவுக்கு. குழலின் நீளவாக்கில், ஒரு சாண் தூரம், போய் வந்து பதினைந்து இருபது தரம். எண்ணெய் செந்நிறச் சேறாக மாறும். அந்தச் சேறுதான் இப்போது அபாயம். உதிர்ந்த துருத்துகள் அதில் மிதக்கிறது, அதே பஞ்சால் தொடர்ந்தால் உப்புத்தாளில் தேய்ப்பது போல்தான். துடைத்து எடுங்கள், புதுப் பஞ்சு, புது எண்ணெய். நான்கைந்து சுற்று போகலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வருவது மட்டும் அபாய அறிகுறி ஆகாது, கரியும் கறுப்புதான். தேய்த்த இடம் சுற்றிலும் உள்ளதைவிட வெளிறி, சாம்பல் வெள்ளி தட்டினால் நிறுத்துங்கள், பூச்சு போகத் தொடங்கிவிட்டது. விளிம்புகளும் குழல் வாயும் முதலில் போகும். அங்கே பூச்சு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், விரலின் அழுத்தமும் அங்கேதான் கூடும். அந்த இடங்களைத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலெழும்பிய துருக் கட்டிகளுக்குப் பஞ்சு போதாது. செம்புக் கம்பியின் நுனியைச் சுத்தியால் தட்டி உளி போல் தட்டையாக்கி, எண்ணெய் ஊறிய கட்டியின் தலையைச் சாய்வாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மை, கட்டி உடையும், எஃகு கீறாது. ஓரிரு இடத்தில் செம்பு நிறம் ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், எண்ணெய்ப் பஞ்சில் போய்விடும். டிராயரில் கிடக்கும் பழைய 1 சென் காசையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே எஃகு, அதன் ஓரம் கீறும்.

செதுக்கு வேலைப்பாட்டுக்குள்ளும், பிடி வழுக்காமலிருக்க வெட்டிய கட்டங்களுக்குள்ளும் புகுந்த துருவுக்குச் சாத்தே குச்சியைப் போல வேறில்லை. நுனியைக் கத்தியால் சீவி எண்ணெயில் முக்கி, கோலத்தின் வரியைப் பின்தொடர்ந்து போங்கள். நுனி மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ளலாம். ஊசியும் பல் மருத்துவர் கொக்கியும் வேலையைச் சீக்கிரம் முடிக்கும், வரியின் பக்கத்தில் இன்னொரு வரியையும் இழுத்துவிடும்.

துருவின் அடியில் குழி இருந்தால்? குழி குழிதான். துரு போனபின் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அதைச் சமன் செய்யப் பார்ப்பது எஃகை அரைப்பது. விட்டுவிடுங்கள்.

வேகவைக்கும் முறை

துரு பரவலாக, மெலிதாக, வெல்வெட் போலப் படர்ந்திருந்தால் அதை எடுப்பதைவிடக் கறுப்பாக மாற்றிவிடலாம். கொதிக்கும் தண்ணீரில் சிவப்புத் துரு மேக்னடைட்டாக மாறும். பழைய காலத்தில் குழலுக்கு நிறம் ஏற்றிய வழியே இது. விசைக் காவல் வளையம், தனியாகக் கழன்ற திருகாணி, கொக்கி போன்ற சின்ன எஃகுப் பாகங்களுக்கு வீட்டிலேயே செய்யலாம்.

சமையலுக்குத் திரும்பாத ஒரு எவர்சில்வர் சட்டி எடுங்கள். ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தைப் பக்கம் போனால் பழசு கிடைக்கும். அலுமினியச் சட்டி வேண்டாம். பாகத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஆக்குங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் பாகத்துக்கு மேல் நான்கு விரல்கடை நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் தாதுவும் வெள்ளைப் புள்ளி விடும். பாகத்தை மெல்லிய கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அடி தொடக் கூடாது. தளதளவென்று கொதிக்கும்போது 20 நிமிடம்.

தூக்கியதும் சூட்டிலேயே ஈரம் ஆவியாகிவிடும். செம்மை போய், கரித்தூள் படிந்தது போல இருக்கும். எண்ணெய் நீக்கிய 0000 பஞ்சால் மெதுவாக வருடினால் தூள் உதிர்ந்து அடியில் கறுப்பு நிற்கும். பஞ்சு கடையிலிருந்து வரும்போதே எண்ணெய்ப்பசையோடு வரும், ஆல்கஹாலில் ஒரு முறை அலசி உலர்த்தியது தேவை. இன்னும் செம்மை தெரிந்தால் மறுபடி கொதிக்கவையுங்கள், மூன்று முறைக்கு மேல் அரிதாகவே தேவைப்படும். முடிந்ததும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தோய்த்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

அலுமினியம், நிக்கல், வண்ணக் கடினமாக்கல், மரமோ பிளாஸ்டிக்கோ ஒட்டிய பாகம் எதையும் சட்டியில் போடாதீர்கள். இரட்டைக் குழலையும் வீட்டில் வேகவைக்க வேண்டாம். குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்ப்பது ஈயப் பற்றாசு. கொதிநீர் அதை உருக்காது, ஈயமும் தகரமும் கலந்த பற்றாசு உருக 183 டிகிரியாவது வேண்டும். பிரச்சினை வேறு: பட்டை எங்காவது பிரிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிக்கும். பிரிந்திருக்கிறதா என்று பார்க்க, கழற்றிய குழலை அடிக் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல குழல் கோயில் மணி போல இழுத்து ஒலிக்கும். செத்த சத்தமோ சலசலப்போ கேட்டால் பற்றாசு விட்டிருக்கிறது, கடைக்குப் போக வேண்டும். அங்கே யாராவது இரட்டைக் குழலைச் சூடான உப்புத் தொட்டியில் முக்கித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அந்தத் தொட்டியில் உள்ள காரம் பற்றாசைத் தின்னும்.

வெளுத்த இடத்தில் தடவும் 'குளிர் புளூயிங்' திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் செலினியம் சேர்மம் இருக்கும், நச்சு. நிறமும் பழையதோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். திருகாணித் தலை அளவு இடத்துக்குச் சரி. குழலின் நடுவே ஒரு சாண் தடவினால், துரு இருந்ததே தேவலை என்று ஆகிவிடும்.

குழலின் உள்ளே

உள்ளே பூச்சு என்ற கவலை குறைவு. 12 போர் அளவுக் குழலில் தோட்டா அறைக்கு முன்னால் குறுகும் கூம்புப் பகுதியில் பிளாஸ்டிக் தோய்ந்து கோடு கோடாகப் படிந்திருக்கும். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி ஓடும்போது விட்டுச்செல்வது. ஈரம் அதன் அடியில் புகுந்துகொண்டு, மேலே எண்ணெய் மினுங்க, கீழே துரு வளரும். கரைப்பானில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் உள்ளே விட்டு, பாஸ்பர் வெண்கல பிரஷை எப்போதும் தோட்டா போடும் பக்கத்திலிருந்து செலுத்துங்கள். பிரஷ் வாய்வழியே முழுதாக வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும், நடுவில் திருப்பினால் முடி மடங்கிச் சிக்கும். பத்துப் பன்னிரண்டு தரம் போதும். கோல் உரசிக் குழல் வாய் தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியும் குழிகளோ, வெளியிலிருந்து தடவினால் மேடு பள்ளமோ இருந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடாமல் கடையில் காட்டுங்கள்.

துடைத்தபின் நம் ஊர்க் காற்றில்

காவல் எண்ணெய் மிக மெலிதாகப் போதும். தொட்டால் விரலில் வழுக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதிகமானால் ஆக்‌ஷன் வழியே இறங்கிக் கட்டையின் தலைப்பகுதியைக் கறுப்பாக்கி, மரத்தை ரொட்டி போல மெதுவாக்கிவிடும். பல பழைய துப்பாக்கிகளின் கட்டை விரிசலுக்கு மூலம் இந்த எண்ணெய்க் குளியல்தான். துடைத்த முதல் வாரம் குழல் வாய் கீழே இருக்குமாறு, அடியில் ஒரு துணி வைத்து நிறுத்துங்கள். அடிக்கடி வெளியே எடுக்காததென்றால் எண்ணெயைவிட மெழுகு நல்லது. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரினைசன்ஸ் மெழுகு இதற்கென்றே பேர்போனது. துணியில் பட்டாணி அளவு எடுத்து முழுக் குழலுக்கும் பரப்பி, சில நிமிடம் கழித்துத் துடைத்து மெருகேற்றலாம். வியர்வைக் கை பட்டாலும் தாங்கும்.

கோலாலம்பூரில் துருவுக்குப் பெரிய வாசல் ஏர்கோன். 22 டிகிரி அறையில் இரவெல்லாம் இருந்த குழலை, வெளியே 32 டிகிரியும் 70 சதவிகித ஈரமும் உள்ள காற்றில் எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காற்று ஏறத்தாழ 26 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். குழல் அதைவிடக் குளிர்ச்சி. ஏர்கோன் காரிலிருந்து இறங்கினதும் மூக்குக்கண்ணாடி புகைபிடித்தது போல மங்குமே, அதே ஈரம் குழலின் உள்ளும் புறமும் படியும். உறையோடு வெளியே எடுத்து ஒரு மணி நேரம் மூடியே வைத்து, குழல் வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

தோல் உறையிலும் நுரை வைத்த பெட்டியிலும் கொண்டுபோகலாம், வைத்திருக்கக் கூடாது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சமிருக்கும், நுரை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய இரும்பு அலமாரிக்குள் ஒரு சின்ன ஈரமானியும், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். முள் 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும், 40க்குக் கீழே போனால் மரம் சுருங்கி விரிசல் விடும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது அடுப்பில் காயவைப்பது என்று அதுவே சொல்லும்.

பினாங்கில் கடல் பக்கம் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்றவர்கள் மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். கையோடு முன்கட்டையையும் கழற்றிப் பாருங்கள். புதுத் துரு பெரும்பாலும் அங்கே, மரமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில்தான் முதலில் தலை காட்டும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போட்ட துணியை மட்டும் கசக்கிக் குப்பையில் எறியாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் தூக்கிப் போடுங்கள்.